எல்லாருக்கும் பின்னால்

லவீனியா குவாரல்ஸ் இறந்துபோன செய்தி பெத்தல் ஊர் முழுக்கத் தெரிந்து அரை நாளாகியும், சவப்பெட்டியைத் தூக்க வருகிறேன் என்று ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

அந்த ஊரில் அது கேட்டுப் பெறுகிற காரியமில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், செய்தி கேட்ட ஆண்கள் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு தாங்களாக வருவார்கள். வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஒத்தாசை ஏதும் வேண்டுமா என்று முணுமுணுப்பார்கள். வீட்டுக்காரர் அவர்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பார். வந்தவர்கள் அதிகமாகிப்போய், விடுபட்டவர்கள் மாதக்கணக்கில் முகம் கொடுக்காமல் திரிவதுதான் வழக்கமான தொல்லை. பெரிய வீட்டுச் சாவு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஹோரஸ் குவாரல்ஸ் விடிந்ததிலிருந்து கூடத்தில், திறந்த முன்கதவைப் பார்த்தபடி, முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். வலது பக்க அறையில் மனைவி கிடந்தாள். மார்ச் மாதத்து ஈரக்காற்று உள்ளே வந்து மெழுகுவத்தியை அலைத்துக்கொண்டிருந்தது. தெருவில் வண்டிகள் போயின. அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் சக்கரங்கள் மெதுவாகி, பிறகு வேகமெடுத்தன. இறந்தவளுக்கு அந்த அளவு மரியாதை கிடைத்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர், அடிமை முறைக்காகச் சண்டையிட்ட தெற்கத்தியப் படையில் ஜெனரல். டென்னசி மலைகளிலும் ஜார்ஜியாவின் செம்மண்ணிலும் பிரிகேட் என்கிற பெரும்படைப்பிரிவு ஒன்றை நடத்தியவர். அந்தப் பிரிகேடில் பாதி பெத்தல் ஊர்ப் பிள்ளைகள். தோற்றபோது சரணாகதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பினார். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான் என்பது குவாரல்ஸ் வீட்டு வழக்கம். கறுப்பர்களுக்கு விடுதலை, ஓட்டு, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் கையெழுத்துக்குள் அடங்கியவை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், ஜெயித்தவர்களின் கட்சியில் சேர்ந்து மிசிசிப்பி மாநில செனட்டுக்கு நின்றார். நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட, ஜெயித்து ஜாக்சன் நகரத்துக்குப் போனார். அதில் நியாயம் எவ்வளவு, தன்னைவிடச் சிறிய ஆட்கள் தன்னை ஆள்வதைப் பொறுக்காத செருக்கு எவ்வளவு என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஊர் அவர்மேல் கல் எறியவில்லை. வீட்டைக் கொளுத்தவில்லை. ஒரு சொல்லை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டது. மூன்று மாதம் கேப்டனாக இருந்தவனைக்கூடச் சாகும்வரை கேப்டன் என்று கூப்பிடுகிற ஊர் அது. குதிரை வைத்தியருக்கு மேஜர் என்று பெயர். எந்தப் படையில் என்று யாரும் கேட்டதில்லை. குவாரல்ஸை மட்டும் சவரக்கடையிலும் தபாலாபீசிலும் ஜெனரல் என்று கூப்பிடாமல் 'மிஸ்டர்' என்றார்கள். குரலில் மரியாதைக் குறைவு இருக்காது. அதனால் சண்டைக்கும் வழியில்லை.

லவீனியாவுக்கு அந்த அளவுகூட இல்லை. வியாழக்கிழமை பிற்பகல் அந்த ஊர்ப் பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் உட்காரும் நேரம். வியாழக்கிழமை தவறாமல் அவள் கேக் சுட்டு, நல்ல கோப்பைகளை எடுத்து வைத்து, பட்டுடுத்திக் காத்திருப்பாள். மாலையில் அந்தக் கேக்கைச் சமையற்காரி டெல்சி தன் பிள்ளைகளுக்கு எடுத்துப்போவாள். கணவனிடம் அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மார்புச்சளி கண்டு படுத்தவள், பேச்சு நிற்பதற்கு முன் ஒன்றுதான் கேட்டாள். தங்கள் ஒரே மகனுக்குப் பக்கத்தில் தன்னை வைக்க வேண்டும். போரின் இரண்டாம் வருடம் காய்ச்சலில் போன அந்தப் பையன், அவளுடைய பிறந்த வீட்டாரான டார்ப்ளி குடும்பத்து மயானத்தில் கிடந்தான். அப்பா போர்முனையில் இருக்க, தாத்தா வீட்டார்தான் அவனை அடக்கம் செய்தார்கள். இரும்பு வேலி போட்ட அந்த மயானத்தின் சாவி, லவீனியாவின் அண்ணன் ஹைராம் டார்ப்ளியிடம் இருந்தது.

காலையில் பாதிரியார் வந்துவிட்டுப் போயிருந்தார். ஜெபம் படிப்பதில் தனக்குத் தடையில்லை என்றும், ஆனால் தூக்குகிற ஆட்களுக்கு ஹோரஸே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் நல்லது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். கேட்டால் வருவார்கள், கேட்க வேண்டும் என்றுதான் காத்திருக்கிறார்கள் என்றார். குவாரல்ஸ் வீட்டார் தங்கள் பிணத்தைத் தூக்க யாரிடமும் கெஞ்சியதில்லை என்று மட்டும் ஹோரஸ் பதில் சொன்னார். பாதிரியார் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

மதியத்துக்குமேல் முன்வாசல் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவருடையதல்ல, பலருடையது. ஹோரஸ் சட்டென்று எழுந்தார். போரில் குண்டு பாய்ந்து விறைத்துப்போன இடது முழங்கால் மடங்க மறுத்து அவரை ஒரு பக்கம் சாய்த்தது.

வந்தவர் ஆன்செல் டாலிவர். இரும்புப் பட்டறைக்காரர், விடுதலைக்குப் பிறகு மாவட்ட வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பர். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர், எல்லாரும் கறுப்பர்கள், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் நின்றார்கள்.

"வருத்தமான சேதி, செனட்டர். நாங்க ஆறு பேர் வந்திருக்கோம்."

ஆறு என்றதும் ஹோரஸுக்குப் புரிந்தது. உள்ளே வரச் சொன்னார். அவர்கள் வாசற்படியிலேயே நின்றார்கள். வந்ததற்கு நன்றி சொல்லி, அவளுடைய அண்ணன் வீட்டார் வருவார்கள், அதற்காகத்தான் காத்திருக்கிறேன் என்றார். ஆன்செல் திரும்பித் தெருவின் இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்தார்.

"ஒருத்தரையும் காணோமே."

"வருவாங்க."

"உங்களையே தூக்கிட்டுப் போய் ஜாக்சன்ல நாற்காலில உக்கார வச்சோம், செனட்டர். உங்க வீட்டம்மா அவ்வளவு கனம் இருக்க மாட்டாங்க."

பின்னால் ஒருவர் சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். வேறு சமயமாக இருந்தால் ஹோரஸும் சிரித்திருப்பார். இப்போது அவர் கண்ணுக்கு மயானத்து இரும்பு வாசல்தான் தெரிந்தது. இந்தக் கறுப்புக் கைகள் பெட்டியைத் தொட்டால் ஹைராம் அந்த வாசலைத் திறக்கமாட்டார். மகனுக்குப் பக்கத்து இடம் போய்விடும். அதுதான் காரணம் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு அடியில், ஹைராமைச் சாராத, அவருடையதே ஆன இன்னொரு காரணமும் இருந்தது. ஆன்செலின் கண்கள் அந்த இன்னொன்றின்மேல் நின்றன.

"எங்கம்மாகிட்டதான் அவங்க பால் குடிச்சாங்க," என்றார் ஆன்செல். "அவங்க குடிச்சு மிச்சமிருந்தாத்தான் எனக்கு. தூக்குறதுக்கு எனக்கும் ஒரு பாத்தியதை இருக்குன்னு நெனச்சேன்."

"இருக்கு, ஆன்செல். ஆனா மயான வாசல் ஹைராமோடது."

"சரி. வாசல் அவரோடது. ஓட்டு எங்களோடது."

கோபமில்லாமல், ஒரு கணக்கை ஒப்பிப்பது போலச் சொன்னார். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு படி இறங்கியவர் பாதியில் நின்றார்.

"பின்னாடி நடந்து வரதுக்கு யாரும் தடை சொல்ல மாட்டாங்கல்ல? அது எப்பவும் எங்க எடம்தானே."

அவர்கள் போன பிறகு ஹோரஸ் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். ஓட்டுக் கேட்டு அந்த ஆறு பேர் வீட்டுக்கும் அவர் போயிருக்கிறார். அவர்கள் கொடுத்த சோள ரொட்டியைத் தின்றிருக்கிறார். திரும்பி வரச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எழவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் ஹைராம் டார்ப்ளி வந்தார். போரில் அவர் ஹோரஸுக்கு வலதுகை. கட்டளைகளை எழுதுவதும் எந்தப் படைப்பிரிவுக்குப் பின் எது போக வேண்டும் என்று அணிவகுப்பை வரைந்து கொடுப்பதும் அவர் வேலை. ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள். தேர்தலுக்குப் பிறகு அவர் இந்த வீட்டுப் படி ஏறியது இதுதான் முதல்முறை. கூடத்தில் நின்ற தங்கை கணவனைப் பார்க்காமல் நேராகப் பக்கத்து அறைக்குப் போனார். கதவு வெகுநேரம் சாத்தியிருந்தது. வெளியே வந்தபோது முகத்தைத் துடைத்திருந்தார்.

"மிஸ்டர் குவாரல்ஸ், என் தங்கச்சிய இன்னிக்கே எங்க வீட்டுக்குக் கொண்டுபோறேன். நாளைக்குக் காலைல அங்கேருந்து எடுக்குறோம்."

மேலும் சொன்னார். பிரிகேடின் பழைய அதிகாரிகள் ஆறு பேர் தூக்குவார்கள். பழைய சிப்பாய்கள் எல்லாரும் வருவார்கள். காய்ச்சலில் கிடந்த எத்தனையோ பேரை இந்தக் கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்தவள் லவீனியா. அதை யாரும் மறக்கவில்லை. பையனுக்குப் பக்கத்தில் குழி தோண்டச் சொல்லியாயிற்று. எல்லாம் அவளுக்கு உரிய முறைப்படி நடக்கும்.

"நீங்க வராம இருந்தா எல்லாருக்கும் நல்லது," என்று முடித்தார்.

"நான் அவ புருஷன், ஹைராம்."

"அது அவ தப்பில்ல."

முன்னொரு காலத்தில் இப்படி ஒரு பேச்சுக்கு ஒரு புல்வெளியில் கைத்துப்பாக்கிகளோடு இருவரும் நேருக்கு நேர் நிற்பதுதான் பதிலாக இருந்திருக்கும். ஹோரஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அண்ணனும் மற்றவர்களும் அவளைத் தூக்க வருகிறார்கள். வியாழக்கிழமைகளில் வராத பெண்கள் நாளைக்கு வரப்போகிறார்கள். அவளுக்குக் கிடைப்பதைத் தன் ரோஷத்தால் கெடுக்கக் கூடாது.

"தூக்க வரல. குடும்பத்தோட நிக்கல. ஆனா நடந்து வருவேன். தெரு உங்க சொத்தில்ல."

ஹைராம் யோசித்தார். வாசலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஆளைத் தடுக்க முடியாவிட்டாலும் இடத்தைக் குறிக்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

"அப்படின்னா எல்லாருக்கும் பின்னாடி வாங்க. சொந்தக்காரங்க, படையாளுங்க, ஊர்க்காரங்க, வேலைக்காரங்க, கறுப்பருங்க, எல்லாரும் போன பிறகு. கடைசில."

"கடைசிலயா?"

"கடைசில."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா, ஹைராம்?"

"யோசிக்க என்ன இருக்கு? உங்களுக்கு அதுதான் எடம்."

"சரி," என்றார் ஹோரஸ்.

ஹைராம் மறந்துபோயிருந்தார். வருத்தத்திலும் வன்மத்திலும் எந்த மனுஷனும் மறந்திருப்பான். ஆனால் மறக்கக் கூடாதவர் அவர். படையின் சாவு ஊர்வலத்தில் அணிவகுப்பு தலைகீழாக மாறும். சாதாரணச் சிப்பாய் முன்னால் போவான். அவனுக்குப் பின் சார்ஜென்ட், பிறகு கேப்டன், பிறகு கர்னல். பதவி ஏற ஏற ஆள் பின்னால் போவான். எல்லாருக்கும் கடைசியில், தனியாக, யாரும் பின்தொடராமல் நடப்பவன் தளபதி. வழிநெடுகப் புதைத்த கர்னல்களுக்கெல்லாம் ஹோரஸ் அப்படித்தான் நடந்திருக்கிறார். அந்த வரிசையைக் காகிதத்தில் வரைந்து கொடுத்தவர் ஹைராம்.

இரண்டு தடவை கேட்டாயிற்று. மூன்றாவது தடவை நினைவுபடுத்தியிருக்க வேண்டுமா என்று ஹோரஸ் பிற்பாடு யோசித்ததுண்டு. வேண்டியதில்லை என்றே முடிவு செய்தார்.

அன்று மாலையே அவளைக் கொண்டுபோனார்கள். அதன்பின் அந்தத் தெருவில் பெண்கள் மூடிய பாத்திரங்களோடு வரிசையாகப் போனார்கள். புகைபோட்ட பன்றித்தொடை, பிஸ்கட், ஊறவைத்த பீச் பழம் என்று சாவு வீட்டுக்குக் கொடுக்கிற எல்லாமும் போயிற்று. சாவு வீடு டார்ப்ளி வீடு. குவாரல்ஸ் வீட்டுக் கதவைத் தட்ட யாருக்கும் காரணமில்லை. தன் வீட்டில் சாவே நடக்காத மாதிரி இருந்தது அவருக்கு. டெல்சி முட்டை பொரித்து வைத்துவிட்டு, தானும் ஒரு பாத்திரத்தை ஒரு துணியால் மூடி எடுத்துக்கொண்டு, அவரிடம் கேட்காமலேயே அந்தப் பக்கம் போனாள்.

மறுநாள் காலை அவர் தேவாலயத்துக்குள் போகவில்லை. ஒத்துக்கொண்டது அப்படி. எதிர்ப்பக்கம், டாக்வுட் மரத்தடியில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மணி அடித்தது. பெட்டி வெளியே வந்தது. தூக்கிய ஆறு பேரையும் அவருக்குத் தெரியும். அதில் இருவரைக் குண்டுமழையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முன்னேற்றியிருக்கிறார்.

ஊர் அவளுக்காகத் திரண்டிருந்தது. பழைய சிப்பாய்களை வரிசைப்படுத்த யாரும் கத்த வேண்டியிருக்கவில்லை. கால்களுக்கே தெரிந்திருந்தது. சிப்பாய்கள் முன்னால் போனார்கள், சார்ஜென்டுகள் அவர்களுக்குப் பின், அதிகாரிகள் பெட்டிக்கு அருகில். பிறகு குடும்பம், ஊர்க்காரர்கள், வண்டிகள். வண்டிகளுக்குப் பின்னால் ஆன்செலின் ஆட்கள், டெல்சி, டார்ப்ளி வீட்டில் பிறந்து வளர்ந்த கறுப்புக் கிழவிகள். அவர்களும் கடந்துபோகும்வரை ஹோரஸ் நின்றார். பிறகு சேற்றில் காலை வைத்தார்.

ஆன்செல் திரும்பிப் பார்த்து நடையைக் குறைத்தார். "முன்னாடி வாங்க, செனட்டர். எங்களுக்குப் பின்னாடியா நடப்பீங்க?"

"இதுதான் என் எடம்."

"யார் சொன்னது?"

"ஹைராம்."

ஆன்செல் அவரை மேலும் கீழும் பார்த்தார். அவமானப்பட்டவனின் நடை இல்லை அது. முதுகு நேராக, விறைத்த காலை ஒரே அளவாக இழுத்து, முன்னால் போகிறவர்களுக்கும் தனக்கும் நடுவே இடைவெளி விட்டு அவர் நடந்தார். ஆன்செல் ஏதோ கேட்க வாயெடுத்து, வேண்டாமென்று விட்டு, தன் ஆட்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார்.

மயான வாசலில் ஊர்வலம் நின்றது. முன்னால் போன சிப்பாய்கள் பாதையின் இரண்டு பக்கமும் பிரிந்து, முகத்தோடு முகம் பார்த்து நின்றார்கள். நடுவில் பெட்டி போயிற்று. குடும்பம் போயிற்று. ஊர்க்காரர்கள் போனார்கள். கறுப்பர்கள் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார்கள். அவர்கள் நிற்கிற இடம் அது. பிறகு பாதை காலியாக இருந்தது. கடைசியாக ஒரே ஒரு ஆள் வாசலுக்குள் வந்தார்.

இரண்டு வரிசைக்கும் நடுவே ஹோரஸ் குவாரல்ஸ் நடந்தார். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அவருடைய பிரிகேட். முதலில் முகங்களில் ஏளனம் இருந்தது. பிறகு ஒருவர் முகத்தில் அது மாறியது, அடுத்தவர் முகத்தில் மாறியது. முன்பு கொடி பிடித்த ஒரு கிழட்டுச் சார்ஜென்டின் குதிகால்கள் அவரை அறியாமலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவர் உடனே வெட்கப்பட்டுக் காலை அகட்டி நின்றார். யார் கையும் தொப்பிக்குப் போகவில்லை.

குழியருகே நின்ற ஹைராம் திரும்பிப் பார்த்தார். காலியான பாதையையும், இரண்டு பக்கமும் நின்ற ஆட்களையும், நடுவில் தனியாக வருகிறவரையும் பார்த்தார். ரத்தம் கழுத்திலிருந்து நெற்றிவரை ஏறியது. மைத்துனரைத் தளபதியின் இடத்தில், அத்தனை பேர் பார்க்க, தன் வாயாலேயே கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்.

ஜெபம் முடிந்தது. மகனின் கல்லுக்கு இடப்பக்கம் அவளை இறக்கினார்கள். அவள் கேட்டது கிடைத்துவிட்டது. ஹோரஸ் எல்லாரும் மண் போட்ட பிறகு ஒரு கை போட்டார். அது ஈரமண். கையில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது.

பக்கத்தில் ஹைராம் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தெரிஞ்சேதான் சரின்னீங்க."

"ரெண்டு தடவ கேட்டேன்."

"நீங்க ஜெயிச்சுட்டதா நெனைக்காதீங்க. இங்க நிக்கிறவங்க அவளுக்காக வந்தவங்க."

"தெரியும். அதுக்குத்தான் சரின்னேன்."

ஹைராம் அங்கிருந்து நகரவில்லை. யாருமே நகரவில்லை. குழி மூடியாயிற்று, மழை தூறத் தொடங்கிவிட்டது, அப்படியும் பழைய சிப்பாய்கள் பாதையின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள். ஏன் நிற்கிறோம் என்று பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. ஹோரஸுக்குத் தெரிந்தது. அடக்கம் முடிந்து திரும்பும்போது வரிசை மறுபடி நிமிரும். கடைசியில் வந்தவன் முதலில் போக வேண்டும். அவன் அடியெடுத்து வைத்தால்தான் மற்றவர்கள் கலைய முடியும். இவர்கள் அவருக்கு ஜெனரல் என்ற அந்தச் சொல்லைத் தரமாட்டார்கள். ஆனால் அவர் கிளம்பாமல் கிளம்பவும் தெரியவில்லை.

அவர்களை மழையில் நிறுத்திவைக்கக் கூடாது என்று நினைத்தார்.

மனைவியின் பக்கம் ஒருமுறை தலை தாழ்த்திவிட்டு, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வந்த பாதையில் நடந்தார். வாசலைத் தாண்டினார். வேலியோரம் ஆன்செலும் மற்றவர்களும் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"வரலையா, ஆன்செல்?"

"நீங்க போங்க, செனட்டர். வெள்ளைக்காரங்க போனப்புறம் நாங்க உள்ள போய் அவங்களப் பாத்துட்டுத்தான் வருவோம்."

இன்னும் ஏதாவது சொல்வாரோ என்று ஹோரஸ் ஒரு கணம் நின்றார். ஆன்செலின் பார்வை அவரைத் தாண்டி வாசலுக்கு உள்ளே இருந்தது.

தெரு இறக்கமாக ஊரை நோக்கிப் போயிற்று. பின்னால், மயானத்துக்குள், வரிசை கலைகிற சத்தம் கேட்டது. பேச்சுக்குரல்கள் எழுந்தன. யாரோ குதிரையை அதட்டினார்கள். பிறகு வண்டிகள் ஒவ்வொன்றாக டார்ப்ளி வீட்டுக்குப் போகிற மேற்குப் பாதையில் திரும்பின. அவர் நடந்த பாதையில் ஒரு காலடியும் விழவில்லை.

படைக்கு முன்னால் போகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை. அவரும் பார்க்கவில்லை. முழங்கால் வலித்தது, மழை வலுத்தது. பின்னால் ஒரு பிரிகேட் வந்தால் அது எட்டிப் பிடிக்கக்கூடிய வேகத்திலேயே, வீடுவரை, அவர் நடந்துபோனார்.